மூன்றாம் நாள் உபயம்

எங்கள் கோயில் திருவிழா பத்து நாள். அதில் மூன்றாம் நாள் எங்களுடையது. என் அப்பா ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த காலத்தில் எடுத்துக்கொண்ட உபயம் அது; அந்த நாளின் பூசையும் சாப்பாடும் எங்கள் செலவு. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை என்பதால் அவர் போன பிறகு அது என்னிடம் வந்தது. சுமை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. தலையில் வைத்துக்கொண்டு ஆடினேன் என்றே சொல்லலாம். திருவிழா நோட்டீஸ் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது அம்மன் படத்தை அல்ல, மூன்றாம் நாளுக்கு எதிரே எங்கள் குடும்பப் பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறதா என்பதைத்தான்.

அது தோட்டத்துக் கோயில். தோட்டத்தை விற்று, பால்மரங்களையெல்லாம் சாய்த்தபோது, கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து சுங்கைப் பட்டாணியிலிருந்து குருணுக்குப் போகும் பெரிய சாலையின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தில் வைத்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களின் இடத்தில் இப்போது பங்களாக்கள் நிற்கின்றன. உள்ளே போக வேண்டுமென்றால் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நாங்கள் தாமான் என்கிற குடியிருப்புகளில் ஆளுக்கொன்றாகச் சிதறிப்போனோம். திருவிழாவுக்கு மட்டும் எப்படியோ ஒன்று சேர்ந்துவிடுவோம்.

முன்பெல்லாம் நோட்டீசில் பத்து நாளுக்குப் பத்துப் பெயர் இருக்கும். மளிகைக் கடைக்காரர் ஒருவர், ஆசிரியர் தம்பதி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், லாரி வைத்திருந்த அண்ணன் தம்பிகள், துணிக்கடைக் குடும்பம், இப்படி. யாரும் கோடீசுவரர் இல்லை. வருடத்தில் ஒரு நாள் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற அளவுக்கு இருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு மளிகைக் கடைக்குப் பக்கத்தில் பெரிய பேரங்காடி வந்தது. லாரி போனது. துணியை எல்லோரும் கைத்தொலைபேசியில் வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயராக நோட்டீசிலிருந்து இறங்கியது. இறங்கிய நாளையெல்லாம் ஒரே ஒருவர் எடுத்துக்கொண்டார். கட்டட வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர், அந்தக் காவலாளிக் கதவுக்குப் பின்னால் குடியிருப்பவர். போன வருட நோட்டீசில் நாலு நாளுக்கு அவர் பெயர்தான். நல்ல மனிதர், கோயிலுக்குக் கணக்குப் பார்க்காமல் செய்வார். அவருடைய நாளில் ஐஸ்கிரீம் வண்டிகூட வரும். பிள்ளைகள் அவர் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் ஒரே பெயர் கீழே கீழே அச்சாகியிருப்பதைப் பார்த்ததும் நோட்டீசை மடித்து வைத்துவிட்டேன். அடுத்தது எங்கள் பெயரோ என்ற பயம்தான், வேறென்ன.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மின்னணுப் பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்கு நான் மேனேஜராக இருந்தேன். கம்பெனி தன் வேலைகளை வேறு நாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது. எங்களுக்குக் கையில் கொஞ்சம் கொடுத்து, கேக் வெட்டி அனுப்பினார்கள். கொடுத்தது வீட்டுக் கடனுக்கும் ஜொகூரில் படிக்கும் மகளுக்கும் போனது. ஐம்பது வயதில் மேனேஜர் வேலை கேட்டுப் போனால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், கூப்பிடுகிறோம் என்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. அரசாங்க உதவிக்கு மனு போடலாமென்றால் போன வருடத்துச் சம்பளச் சீட்டு எங்களை வசதியானவர்கள் என்றது. என் கணவர் வக்கீல் ஆபீசில் கிளார்க். அவர் சம்பளம் பல வருடங்களாக ஆடாமல் அசையாமல் இருந்தது, மீன் விலைக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

கடைசியில் குருணில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மேசைக்கு முன் உட்கார்ந்து, வந்து விழும் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. காலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் தாமான் வாசலிலேயே நிற்கும்.

அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். தாமான் வாசலில் சீருடையோடு நின்று பஸ் ஏறினால் நாலு பேர் பார்ப்பார்களே. ஆகவே தினமும் விடிவதற்கு முன்பே எழுந்து, பழையபடி ஆபீஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். எதிர்வீட்டு அக்காவுக்குக் கையைக்கூட ஆட்டுவேன். கார் நேராகக் கோயிலுக்குப் போகும். அங்கே அரசமரத்தடியில் அதை நிறுத்திவிட்டு, கோயில் கழிப்பறையில் சீருடையை மாற்றிக்கொண்டு, சாலைக்கு வந்து அதே பஸ்ஸில் ஏறுவேன். பெட்ரோலுக்குக் கேடு, தூக்கத்துக்குக் கேடு. மானம் மட்டும் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினேன்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தி. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், எங்கள் பிரிவுக்கு லைன் லீடர். முதல் நாளே என்னை உற்றுப் பார்த்து, "அக்கா, நீங்க பெரிய கிராணி வீட்டுப் பொண்ணுதானே? எங்கம்மா உங்க தோட்டத்துலதான் பால் வெட்டுனாங்க" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாவது வாரமே, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் நாசி லெமாக் பொட்டலத்தில், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றில், பாதியை என் மடியில் வைத்தாள். அவள் என்னை நீங்க என்றாள், நான் அவளை நீ என்றேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

என் கார் தினமும் விடியற்காலையில் கோயிலில் நிற்பதைக் குருக்கள் பார்த்திருக்கிறார். அவர் கோயில் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஒரு சனிக்கிழமை மீன் பாசாரில் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் டயர்க் கடை வைத்திருப்பவர், உரக்கத்தான் பேசுவார்.

"தங்கச்சி, குருக்கள் சொன்னாரும்மா. தினமும் விடியறதுக்குள்ள வந்து அம்மாவக் கும்பிடுறீங்களாமே. இந்தக் காலத்துல யாரு வர்றா சொல்லுங்க. இந்த வருஷம் இன்னும் ரெண்டு குடும்பம் உபயத்த விட்டுட்டாங்க. நீங்க இருக்கீங்கங்கறதுதான் எனக்குத் தைரியம். மூணாம் நாள உங்க பேருல வழக்கம்போல போட்டுடவா?"

மீன் கடைக்கு முன்னால் நின்று பக்தை என்ற பட்டத்தை வாங்கிக்கொண்ட நான், அந்த மப்பில், "போடுங்கண்ணே" என்றேன். வாங்க வந்த மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வருஷம் விட்டுடுவோமே. அம்மன் கோவிச்சுக்க மாட்டா" என்றார். அம்மன் கோவிச்சுக்க மாட்டாள், ஊர் சிரிக்குமே என்றேன். ஊருக்கு அவ்வளவு வேலை இல்லாமலா இருக்கிறது என்றார். என் வளையலை வைத்துப் பணம் புரட்டுவேன் என்றேன். மகளுடைய கடைசி வருடத்துக்கு என்று எடுத்து வைத்தது அந்த வளையல் ஒன்றுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பி அடக்கிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரி ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினாள். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காததால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேலை போனது, வளையல், தலைவர், உபயம், கார்.

காரைப் பற்றிச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "அக்கா, காடிய கோயில்ல போட்டுட்டு டாய்லெட்ல சட்ட மாத்திக்கிட்டு ஓடி வர்றது இந்த பஸ் முழுக்கத் தெரியும்லா. உங்க தாமான்லயே ஏழு பேரு இந்த பஸ்ல ஏறுறாங்க. எதிர்வீட்டு அக்கா மக பின்னால நாலாவது சீட்டு."

திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண் எனக்குக் கையை ஆட்டினாள்.

"சரி, உபயத்துக்கு என்ன இப்ப?" என்றாள் இவள். "நாங்களும் கோயிலுக்கு வர்றவங்கதானே. எல்லாரும் சேந்து செய்யலாம். ஆளுக்கு முடிஞ்சது."

என் வாயில் வந்த பதிலை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "அது எங்க குடும்பத்து உபயம்" என்றேன். சொன்ன தொனி அப்படியே என் அப்பாவுடையது.

வழியில் ஜெராய் மலை வந்தது, போனது. குருணில் இறங்கும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த உபயத்துக்கு எங்கம்மா எத்தன வருஷம் காய் வெட்டியிருக்காங்க தெரியுமாக்கா? பால் வெட்டிட்டு வந்து, கால்ல மண்ணோட உக்காந்து பூசணிக்காய் வெட்டுவாங்க. யாரும் கூலி குடுக்கல, அவங்களும் கேக்கல. அவங்களும் நம்ம உபயம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று பகல் முழுக்க எனக்கு எரிச்சல். நல்ல மூடிகளைக்கூடக் கழித்துத் தள்ளியிருப்பேன். சின்ன வயதில் மூன்றாம் நாளன்று பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, மாலை போட்ட அப்பாவுக்குப் பக்கத்தில் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருப்பேன். பூசை முடிந்ததும் முதல் பந்தியில் இலை போடுவார்கள். சாம்பார் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. வாளியில்தான் பிறக்கிறது என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

வேலை முடிந்ததும் டயர்க் கடைக்குப் போனேன். நோட்டீஸ் மறுநாள் அச்சுக்குப் போகிறது என்று தெரியும்.

"அண்ணே, நான் கோயிலுக்குக் கும்பிட வரல. காடியப் போட்டுட்டு குருணுக்கு பஸ் ஏறத்தான் வர்றேன். என் வேலை போயிருச்சு. இப்ப ஆப்பரேட்டரா இருக்கேன்."

அவர் சக்கரத்தைக் கீழே வைத்தார். "தினமுமா?"

"தினமும்."

"ஒரு நாளாச்சும் உள்ள போயி..."

"அவசரத்துல வெளிய நின்னு ஒரு கும்பிடு."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "அதுக்கென்னம்மா, யாருக்குத்தான் இப்ப முடியுது. என் கடையே எப்படி ஓடுதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார். "மூணாம் நாளையும் அந்தக் குத்தகைக்காரர்கிட்டயே கேட்டுடுறேன். அவரு மறுக்க மாட்டாரு."

அவர் பொத்தானை அழுத்தப் போனதைப் பார்த்தேன். "வேணாம்ணே. எங்க பஸ் எடுத்துக்கும்" என்று என் வாய் சொன்னது. பஸ்ஸில் யாரையும் நான் கேட்டிருக்கவில்லை. தானாகவே சேர்ந்து செய்யலாம் என்ற ஒருத்தியையும் காலையில்தான் அவமானப்படுத்தி அனுப்பியிருந்தேன்.

"பஸ்ஸா?" என்றார் தலைவர். "பஸ்ஸுக்கு என்ன ராசி, என்ன நட்சத்திரம்னு குருக்கள் கேப்பாரே."

அடுத்த நாள் முதல் தடவையாக எங்கள் தாமான் வாசலிலேயே பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரியிடம், "நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உபயத்தைப் பற்றிச் சொன்னேன், தலைவரிடம் உளறியதையும் சொன்னேன். அவள் யோசித்தாள். "நீங்களே எழுந்து கேளுங்க. மேனேஜரா இருந்தவங்கதானே."

நூறு பேருக்கு முன்னால் கூட்டம் நடத்தியிருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, குலுங்குகிற பஸ்ஸில், பாதித் தூக்கத்தில் இருந்த நாற்பது பேருக்கு முன்னால் முதல் வார்த்தையை இரண்டு தடவை தொடங்கினேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எங்கள் வீட்டில் இனி தனியாகச் செய்ய முடியாது. விட்டால் இந்த நாளும் ஒரே பெயருக்குப் போய்விடும். நீங்கள் சேர்ந்துகொண்டால் பிடித்துக்கொள்ளலாம். பணமாக இல்லாவிட்டால் அரிசி, காய், இல்லை ஒரு நாள் உழைப்பு.

பின்னாலிருந்து ஒரு குரல், "சமையல் யாரு?" என்றது. செய்ய மாட்டேன் என்கிறவர்கள் சமையலைப் பற்றிக் கேட்பார்களா?

அதற்குப் பிறகு என்னைப் பேச விடவில்லை. ஒருவர் தேங்காய் என்றார், ஒருவர் தன் மச்சானுக்குக் காய்கறிக் கடை என்றார். நடு இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து என் காதருகே, "நான் துணிக்கடை வீட்டு மருமக. ஏழாம் நாள் எங்களோடதா இருந்துச்சு. விட்டதுலேருந்து எங்க மாமனார் திருவிழாவுக்கே வர மாட்டேங்கறாரு. எங்களையும் சேத்துக்குவீங்களா?" என்றாள். அவள் எத்தனை மாதமாக இதே பஸ்ஸில் வருகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் அல்லவா. பஸ் ஓட்டும் மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர், என்ன கலாட்டா என்று கேட்டார். யாரோ மலாயில் விளக்கினார்கள். மூன்றாம் நாள் விழுவது வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மூன்று மணிக்கு பஸ்ஸை எடுத்து வருகிறேன், குருண் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்.

நோட்டீஸ் வந்தது. 'மூன்றாம் நாள் உபயம்: குருண் தொழிற்சாலை பஸ் அன்பர்கள்.' எங்கள் பெயர் இல்லை. பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிடம் நெஞ்சு வலித்தது. சமையலறையில் அதைப் படித்த கணவர் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கோயிலுக்குப் பின்னால் கூடிவிட்டோம். எங்கள் உபயம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்ட உபயத்தின் அடுப்பை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பூசணிக்காயை எப்படிப் பிளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரி கத்தியை வாங்கி ஒரே போடில் இரண்டாக்கிக் காட்டிவிட்டு, "மேனேஜரம்மா, மெல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் தேங்காய் துருவினாள். கணவர் அடுப்புப் பக்கம் போய்ப் புகையில் கண் சிவந்து, மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

மாலையில் சங்கல்பம். குருக்கள் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மலைத்துவிட்டார். நாற்பத்திரண்டு பெயர், ராசி, நட்சத்திரம். பஸ்ஸில் ஏறுகிற வரிசைப்படி எழுதியிருந்தோம். இடையில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். என் பெயர் பத்தொன்பதாவது. காத்திருந்து காத்திருந்து அது வந்தபோது உடம்பு சிலிர்த்தது. துணிக்கடைக்காரர் பெயர் வந்ததும் அந்தப் பெரியவர் கூட்டத்தின் பின்னாலிருந்து கையை உயர்த்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, "இருக்கேன்" என்றார்.

சாப்பாட்டுக்குக் கூட்டம் நெரிந்தது. நாற்பத்திரண்டு வீட்டு உறவுக்காரர்களும் வந்தால் நெரியாதா. குத்தகைக்காரர் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். ஐஸ்கிரீம் இல்லையா என்று ஒரு வாண்டு என்னைக் கேட்டது. இல்லை என்றேன். அது முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பளம் கேட்டது.

மூன்றாம் பந்திக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் என்னிடம் வந்தாள். வேர்த்து, முடி கலைந்து இருந்தாள். என் காய்த்த கையைப் பார்த்தாள், வளையல் அதில் இருப்பதையும் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் நான் வேலைக்குப் போயிடுவேன்மா" என்றாள். "பழையபடி நம்ம உபயத்த நாமளே செஞ்சிடலாம். தாத்தா பேரப் போட்டு."

அவள் எனக்காகத்தான் சொன்னாள். ஒரு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பந்தியைப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரி ஒரு பக்கம் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள், துணிக்கடை மருமகள் இலை போட்டுக்கொண்டிருந்தாள், பாக்சிக் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பலாப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நாமதான் செஞ்சிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லி வாளியை அவள் கையில் கொடுத்தேன். "கடைசி வரிசைக்கு இன்னும் சாம்பார் போகல, போ."